மூன்றரை மணிக்கே இருட்டிவிடும் ஊரை எப்படிச் சுற்றிப் பார்ப்பது?

கேள்வி: ஒரு செமஸ்டர் படிப்பதற்காக ஜனவரி முதல் வாரத்தில் ஹெல்சிங்கிக்கு வந்தேன். மே மாதக் கடைசியில் கிளம்பிவிடுவேன். வந்து மூன்று வாரம் ஆகியும் வகுப்பு, மளிகைக் கடை, அறை இந்த மூன்றைத் தவிர எதுவும் தெரியாது. இரண்டு முறை ஊர் சுற்றக் கிளம்பினேன். பெரிய ஜாக்கெட், ஜீன்ஸ், இரண்டு ஜோடி பருத்திக் காலுறை எல்லாம் போட்டுக்கொண்டுதான் போனேன். முதல் தடவை முக்கால் மணி நேரத்தில் கால்விரல்கள் மரத்துப்போய்த் திரும்பினேன். இரண்டாவது தடவை துறைமுகத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, 40 சதவீதம் சார்ஜ் இருந்த செல்போன் திடீரென்று அணைந்துவிட்டது. வரைபடமும் டிராம் டிக்கெட்டும் அதற்குள்தான் இருந்தன. வந்த புதிதில் மூன்றரை மணிக்கே இருட்டிவிட்டது. கூடப் படிப்பவர்கள் ‘மே வரட்டும்’ என்கிறார்கள். அதிகச் செலவில்லாமல் இந்தக் குளிரிலேயே ஊரைப் பார்க்க வழி இருக்கிறதா?
– ஒரு மாணவி, ஹெல்சிங்கி

பதில்: ‘இரண்டு ஜோடி பருத்திக் காலுறை’ என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அங்கேயே இருக்கிறது. உங்களைத் திருப்பி அனுப்பியது மைனஸ் பத்து டிகிரி அல்ல. வேகமாக நடந்ததில் வந்த வியர்வையும், அதன் பிறகு அசையாமல் நின்ற பத்து நிமிடமும்தான். இந்த இரண்டையும் கையாளத் தெரிந்துவிட்டால் ஜனவரியிலேயே தாராளமாக ஊர் சுற்றலாம். மே வரை பொறுத்திருந்தால் உங்களுக்கு மிஞ்சுவது நான்கு வாரம், அதிலும் தேர்வுகள் குறுக்கே வரும்.

காலிலிருந்தே ஆரம்பிப்போம். பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு அப்படியே வைத்துக்கொள்ளும். ஈரத்துணி உடம்புச் சூட்டை வெளியே கடத்திக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, ஒரே காலணிக்குள் இரண்டு காலுறையைத் திணித்தால் விரல்களைச் சுற்றி இருக்க வேண்டிய காற்று நசுங்கிப்போகிறது. சூட்டைப் பிடித்துவைப்பதே அந்தக் காற்றுதான். இறுக்கத்தில் ரத்த ஓட்டமும் குறையும். அதனால்தான் இரண்டு ஜோடி போட்டும் ஒன்றைவிட மோசமாகக் குளிர்ந்தது. ஒரே ஒரு ஜோடி கம்பளிக் காலுறை போதும்.

பூட்ஸ் வாங்கும்போது உள்ளே இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு, கம்பளிக் காலுறையோடு அதன்மேல் ஏறி நின்று பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் இன்சோல் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எத்தனை உயர்ந்த பூட்ஸாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். காலுக்குக் குளிர் முக்கியமாகத் தரையிலிருந்துதான் ஏறுகிறது. ஆகவே கம்பளியை அழுத்திச் செய்யும் நமதாவில் ஆன தடித்த இன்சோல் ஒன்று தனியாக வாங்கிப் போட்டுக்கொள்வது, புது ஜாக்கெட் வாங்குவதைவிடப் பயன் தரும். புது பூட்ஸ் கட்டுப்படியாகாது என்றால் ‘கிர்ப்புத்தோரி’ என்று இங்கே சொல்லும் பழைய பொருள் கடைகளில் தேடலாம். அங்கே ஒன்றை மட்டும் சோதியுங்கள்: அடிப்பாகத்து ரப்பரில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் லேசாகப் பதிய வேண்டும். பழசாகி இறுகிப்போன ரப்பர் பனிக்கட்டியில் கண்ணாடி மாதிரி வழுக்கும்.

உடம்புக்கு மூன்று அடுக்கு. தோலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் தெர்மல், மேலே, கீழே இரண்டும். அதற்கு மேல் ஸ்வெட்டரோ ஃப்ளீஸோ. வெளியே காற்று புகாத ஜாக்கெட். ஜீன்ஸ் போடக்கூடாது என்பதில்லை, அடியில் தெர்மல் இருந்தால் சமாளிக்கலாம். நனைந்தால் மட்டும் அது மாலைவரை காயாது. உங்கள் பெரிய ஜாக்கெட்டை மாற்ற வேண்டியதில்லை, அதைப் போடும் விதத்தைத்தான் மாற்ற வேண்டும். வாசலைத் தாண்டிய முதல் ஐந்து நிமிடம் லேசாகக் குளிர வேண்டும். அப்போதே கதகதப்பாக இருந்தால் நீங்கள் ஒரு அடுக்கு அதிகம் போட்டிருக்கிறீர்கள், பதினைந்தாவது நிமிடம் வியர்க்கும். அதிகமான அந்த ஸ்வெட்டர் பையில் இருக்கட்டும். நடக்கும்போது போடாமல், எங்காவது நிற்கப் போகும்போது போட்டுக்கொள்ளுங்கள். டிராமில் ஏறியதும் ஜிப்பைத் திறங்கள், தொப்பியைக் கழற்றுங்கள். மூன்று நிறுத்தம்தானே என்று மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள்தான் இறங்கியதும் நடுங்குகிறார்கள்.

கைக்கு, விரல் விரலாகப் பிரிந்த உறையைவிட நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் உறைதான் சூடு தரும். அதற்குள் மெல்லிய கையுறை ஒன்று இருந்தால், படம் எடுக்க வெளியுறையை மட்டும் கழற்றினால் போதும். வெறுங்கையோடு பத்து நிமிடம் நின்றீர்கள் என்றால், அந்த விரல்கள் மறுபடி சூடேற அரை மணி நேரம் பிடிக்கும்.

செல்போன் கெட்டுப்போகவில்லை. குளிரில் லித்தியம் பேட்டரியின் உள்தடை கூடிவிடுகிறது. கேமரா, திரை, வரைபடம் எல்லாம் ஒரே நேரத்தில் மின்சாரம் கேட்கும்போது மின்னழுத்தம் சரிந்து போன் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. சார்ஜ் உள்ளேயேதான் இருக்கும். ஜாக்கெட்டின் வெளிப்பையில் வைக்காமல், ஸ்வெட்டருக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவே வையுங்கள். அணைந்துவிட்டால் அதே இடத்தில் கால் மணி நேரம் வைத்திருந்து போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் உயிர் வந்துவிடும். பவர் பேங்குக்கும் இதே விதிதான். சில்லிட்டுப்போன போனை உடனே சார்ஜில் போடாதீர்கள். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் பேட்டரிக்கு நிரந்தரச் சேதம் வரும்.

அதைவிட முக்கியம் டிக்கெட். போன் அணைந்தால் அதிலிருக்கும் டிக்கெட்டும் இல்லாத மாதிரிதான், பரிசோதகர் பேட்டரிக் கதை கேட்க மாட்டார். நகரப் போக்குவரத்தை நடத்தும் எச்எஸ்எல் நிறுவனத்தின் பிளாஸ்டிக் அட்டை வாங்கி அதில் டிக்கெட்டை ஏற்றிக்கொள்ளுங்கள். நகரின் நடுப்பகுதிக்கு ஏபி மண்டல டிக்கெட் போதும். ஒற்றை டிக்கெட் 80 நிமிடம் செல்லும், அதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் டிராம், மெட்ரோ, பேருந்து மாறலாம். மாதச் சீட்டு ஏற்கெனவே இருந்தால் குளிரில் அது உங்களுக்கு இன்னொரு கோட்டு. இரண்டு நிறுத்தத்துக்குக்கூடக் கூசாமல் ஏறலாம்.

இனி வெளிச்சம். ஹெல்சிங்கி 60 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் பகல் ஆறு மணி நேரம்கூட இல்லை. ஜனவரி முடியும்போது சூரியன் எட்டே முக்காலுக்கு எழுந்து நாலேகாலைத் தாண்டித்தான் மறையும், அதற்குப் பிறகு வாரத்துக்கு வாரம் வெளிச்சம் கூடுவது கண்ணுக்கே தெரியும். ஆனால் உச்சிப்பொழுது இங்கே 12 மணிக்கு இல்லை, பன்னிரண்டரை வாக்கில். அப்போதும் சூரியன் அடிவானத்திலிருந்து 12 டிகிரிதான் ஏறியிருக்கும். 20 மீட்டர் உயரக் கட்டடத்தின் நிழல் நட்டநடுப் பகலில் 90 மீட்டருக்கு நீளும். குறுகலான தெருவில் நடந்தால் வெயிலையே பார்க்க மாட்டீர்கள். ஆகவே திறந்தவெளி இடங்களை, குறிப்பாகத் தெற்கே கடலைப் பார்த்திருக்கும் கௌப்பதோரி சந்தைச் சதுக்கம் போன்றவற்றை, பதினொன்றரையிலிருந்து ஒன்றரைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நேரம் கூரைக்கு அடியில்.

மூன்றரை, நான்கு மணி இருட்டைப் பார்த்து அறைக்கு ஓட வேண்டியதில்லை. அது ராத்திரி அல்ல, ஊர் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம். சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் வானம் ஆழ்ந்த நீலமாக இருக்கும். செனட் சதுக்கத்தின் வெள்ளைத் தேவாலயத்தைப் படம் எடுக்க அதைவிட நல்ல பொழுது கிடையாது. இருட்டில் நடப்பவர்கள் ஒளி எதிரொளிக்கும் வில்லை மாட்டியிருக்க வேண்டும் என்று இந்த நாட்டுப் போக்குவரத்துச் சட்டமே சொல்கிறது. இரண்டு பக்கமும், முழங்கால் உயரத்தில் தொங்குகிற மாதிரி மாட்டுங்கள். கார் விளக்கு முதலில் படுவது அங்கேதான். தோள்பையின் மேல்பக்கம் அழகுக்கு மாட்டியது பிரயோஜனப்படாது.

வழியைத் திட்டமிடும்போது ‘பார்க்க வேண்டிய பத்து இடங்கள்’ பட்டியலை மறந்துவிட்டு, சூடான இடத்திலிருந்து சூடான இடத்துக்கு எத்தனை நிமிடம் என்று கணக்குப் போடுங்கள். தொடக்கத்தில் வெளியே 20 நிமிடம், உள்ளே 30 நிமிடம். இந்த ஊரின் நடுப்பகுதி அதற்கென்றே அளந்து கட்டியதுபோல இருக்கும்.

முதல் சனிக்கிழமைக்கு இப்படிச் செய்யலாம். பத்தரைக்கு மத்திய ரயில் நிலையம். எலியெல் சாரினென் வடிவமைத்து 1919-ல் திறந்த கட்டடம். வாசலின் இரு பக்கமும் கையில் உருண்டை விளக்கு ஏந்திய கல் மனிதர்கள் இரண்டிரண்டு பேராக நிற்பார்கள். அங்கிருந்து செனட் சதுக்கம் பத்து நிமிட நடை. 1852-ல் கட்டி முடித்த தேவாலயத்தைக் கீழிருந்தே பார்த்துவிட்டு, படிகளில் பனி இறுகியிருந்தால் ஏறாமல், பக்கத்திலேயே அலெக்சாந்தெரின்கத்து தெருவில் இருக்கும் நகர அருங்காட்சியகத்துக்குள் போய்விடுங்கள். நுழைவு இலவசம். நேரம் போவது தெரியாது. பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்தால் கௌப்பதோரி மூன்று நிமிடம். வெயிலும் கடலும் பனிக்கட்டி மிதக்கும் துறைமுகமும் அங்கே. காற்று முகத்தில் அறையத் தொடங்கியதும் 1889-லிருந்து இருக்கும் பழைய சந்தைக் கூடத்துக்குள் நுழைந்து ஒரு கிண்ணம் சூப் வாங்கிக்கொண்டு உட்காருங்கள். சால்மன் மீன் சூப்புதான் இங்கே பேர் போனது. பிறகு 4-ம் எண் டிராம். கதயனொக்கா தீபகற்பத்திலிருந்து ஊரின் குறுக்கே முங்க்கினியெமி வரை போகும், நாடாளுமன்றம், தேசிய அருங்காட்சியகம் எல்லாம் வழியிலேயே வரும். சாலை வேலையால் தடம் அவ்வப்போது மாறுவதால் அன்று காலை எச்எஸ்எல் செயலியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி நிறுத்தம் வரை போய் அப்படியே திரும்பி வந்தால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் உட்கார்ந்தபடியே ஊரைப் பார்த்திருப்பீர்கள். ஜன்னலில் ஆவி படியும், துடைக்க ஒரு கைக்குட்டை கையில் இருக்கட்டும்.

மாலை நேரத்துக்கு ‘ஓடி’ நூலகம். பெயரைக் கேட்டால் நம் காதுக்கு யாரோ விரட்டுவது போலிருக்கும், ஃபின்னிஷ் மொழியில் வாழ்த்துப்பா என்று பொருள். 2018 டிசம்பர் 5-ல் திறந்தார்கள், ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம். உறுப்பினர் அட்டை இல்லாமல் யாரும் போகலாம், மூன்றாம் மாடியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. கழிப்பறையும் உண்டு. சிரிக்காதீர்கள், குளிர்காலத்தில் ஊர் சுற்றுபவருக்கு அருங்காட்சியகத்தைவிட அவசரமான தகவல் அது. வார நாட்களில் வகுப்பு இடைவெளி கிடைத்தால், செனட் சதுக்கத்தை ஒட்டியே இருக்கும் தேசிய நூலகத்துக்குள் ஒருமுறை போய் நிமிர்ந்து பாருங்கள். தேவாலயத்தை வரைந்த அதே கார்ல் லுத்விக் எங்கெல் கட்டிய குவிமாடம். இதற்கும் காசு இல்லை.

பாறையைக் குடைந்து கட்டிய தெம்ப்பெலியௌகியோ தேவாலயத்துக்குக் கட்டணம் உண்டு, வழிபாட்டு நேரத்தில் பார்வையாளர்களை விடமாட்டார்கள். பல அருங்காட்சியகங்கள் திங்கட்கிழமை மூடியிருக்கும். ‘முசேயோகோர்த்தி’ என்ற ஓராண்டு அட்டை நாடு முழுக்க 300-க்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்களில் செல்லும். முழுசாகப் பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல், குளிர் காய அரை மணி நேரம் நுழைந்து வெளியேறலாம் என்பதுதான் இதன் உண்மையான லாபம். நான்கு மாதத்தில் ஆறேழு முறையாவது போவீர்கள் என்றால் வாங்குங்கள். மதியச் சாப்பாட்டுக்கு, வார நாட்களில் பல்கலைக்கழகத்தின் யூனிகஃபே உணவகங்களில் மாணவர் அட்டையைக் காட்டினால் மானிய விலை.

குளிரைவிட வழுக்கலுக்குத்தான் நீங்கள் பயப்பட வேண்டும். மைனஸ் பதினைந்தில் பனி மொறுமொறுவென்று இருக்கும், கால் பிடிக்கும். பூஜ்யத்தைச் சுற்றித் தடுமாறும் நாட்கள்தான் மோசம். பகலில் உருகிய தண்ணீர் சாயங்காலம் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடியாக உறைந்துவிடும், அதன்மேல் புதுப்பனி தூவியிருந்தால் சொல்லவே வேண்டாம். இந்நாட்டு வானிலை மையம் நடப்பவர்களுக்கென்றே வழுக்கல் எச்சரிக்கை வெளியிடுகிறது. அது வந்திருக்கும் நாளில் ஊர் சுற்றலை டிராமோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நடைபாதையில் ஜல்லி தூவியிருப்பார்கள், அது தெரியும் இடமாகப் பார்த்துக் கால் வையுங்கள். சின்னச் சின்ன அடி, உடம்பின் பாரம் முன்காலின் மேல், கைகள் பாக்கெட்டுக்கு வெளியே. பொருட்கள் முதுகுப்பையில். பூட்ஸுக்கு மேல் மாட்டும் ஆணிப்பட்டை ஒன்று பையில் இருப்பது நல்லது, ஆனால் கடை வாசலிலேயே கழற்றிவிடுங்கள். வழவழப்பான கல் தரையில் அதே ஆணி உங்களைத் தள்ளிவிடும்.

அலெக்சாந்தெரின்கத்து மாதிரி நடுப்பகுதித் தெருக்கள் சிலவற்றில் தரைக்கு அடியில் குழாய் போட்டுச் சூடாக்குகிறார்கள். ஈரமாக, கறுப்பாக, பனியே இல்லாமல் இருக்கும். அங்கே இருநூறு மீட்டர் சாதாரணமாக நடந்து பழகிய கால், பக்கத்துத் தெருவுக்குத் திரும்பும்போதும் அதே வேகத்தில் போகும். தெருமுனையில் தரையின் நிறம் மாறும் கோட்டைக் கவனியுங்கள், அங்கேயே நடையைச் சுருக்குங்கள்.

நடைபாதையின் குறுக்கே சுவரில் சாய்த்துவைத்த நீளக் கம்புகளையோ கட்டிய நாடாவையோ கண்டால் அதற்கு அடியில் நுழையாதீர்கள். கூரையிலிருந்து பனியைத் தள்ளுகிறார்கள், அல்லது ஈட்டிபோல் தொங்கும் பனிக்கட்டி விழக் காத்திருக்கிறது என்று அர்த்தம். எதிர்ப்பக்கம் போய்விடுங்கள்.

கடலோரம் நடப்பதானால் வெப்பநிலையை மட்டும் பார்த்துக் கிளம்பக் கூடாது. மைனஸ் 10 டிகிரியில் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால் தோலுக்கு அது மைனஸ் 20. போகும்போது காற்றுக்கு எதிராகவும் திரும்பும்போது காற்று முதுகில் படும்படியும் வழியை அமைத்துக்கொள்ளுங்கள். வியர்த்த பிறகு எதிர்க்காற்றில் மாட்டிக்கொள்வதுதான் பலரும் செய்யும் தவறு. இசையமைப்பாளர் சிபேலியுஸின் நினைவுச்சின்னம், அறுநூறுக்கும் அதிகமான எஃகுக் குழாய்களால் ஆனது, இப்படிக் காற்று வாங்கும் இடத்தில்தான் இருக்கிறது. அதற்குப் பேருந்தில் போய்ப் பேருந்தில் வாருங்கள்.

உறைந்த கடலின்மேல் ஆட்கள் நடப்பதையும் குழந்தைகள் சறுக்குவதையும் பார்த்து இறங்கிவிடாதீர்கள். உறுதியான பனிக்கட்டி 5 சென்டிமீட்டர் இருந்தால் ஒரு ஆளைத் தாங்கும் என்பது இங்கத்தியக் கணக்கு. பாலத்தின் அடியிலும் கப்பல் தடத்தின் ஓரத்திலும் ஓடை வந்து சேரும் இடத்திலும் அது 5 இருக்காது, மேலே மூடிய பனியில் வித்தியாசமும் தெரியாது. இறங்கும் உள்ளூர்க்காரர்கள் கழுத்தில் ஒரு ஜோடி பனிக்குத்தூசி தொங்கும், பாருங்கள். உள்ளே விழுந்தால் பிடித்து ஏறுவதற்கு. முதல் குளிர்காலத்தில் கரையிலிருந்து பார்ப்பது போதும்.

சுவோமென்லின்னா கோட்டைத் தீவை மட்டும் மார்ச்சுக்குத் தள்ளிவைக்கச் சொல்வோம். 1748-ல் கட்டத் தொடங்கியது, 1991 முதல் யுனெஸ்கோ பாரம்பரியக் களம். கௌப்பதோரியிலிருந்து வருடம் முழுக்கப் படகு உண்டு, கால் மணி நேரம், உங்கள் ஏபி டிக்கெட்டே செல்லும். ஜனவரியில் அங்கே காற்று கடுமையாக இருக்கும், பல கடைகள் மூடியிருக்கும், ஒதுங்க இடம் குறைவு. மார்ச் பின்பாதியில் பகல் பன்னிரண்டு மணி நேரத்தைத் தொட்டிருக்கும், பனியும் பெரும்பாலும் மிச்சம் இருக்கும். இறங்கியவுடனே திரும்பும் படகின் நேரத்தைத் துறையில் பார்த்துக்கொள்ளுங்கள். கோட்டை மதிலின் மேல் ஏறினால் விளிம்புக்கு வராதீர்கள். மதிலுக்கு அப்பாலும் பனி உதடுபோல் நீட்டிக்கொண்டு நிற்கும், கீழே கல் இருக்காது. சுரங்க வழிகளில் தரை உறைந்திருக்கும், கைவிளக்கு வேண்டும். போன் விளக்கை நம்ப வேண்டாம் என்று மறுபடி சொல்லத் தேவையில்லை.

எப்போது கட்டாயம் உள்ளே போக வேண்டும்? விரல், காதுமடல், மூக்கு நுனி, கன்னம் வலிக்கிற வரை பயமில்லை. வலி நின்று மரத்துப்போனால் அதுதான் ஆபத்து. புத்தகங்களில் ‘தோல் வெள்ளையாகும்’ என்று போட்டிருப்பார்கள். நம் நிறத்தில் அது வெளிறிய சாம்பலாக, மெழுகு பூசியதுபோலத்தான் தெரியும், கண்ணாடியில் சட்டென்று பிடிபடாது. உணர்ச்சியை நம்புங்கள். உள்ளே போய் உள்ளங்கையால் பொத்தியோ அக்குளில் வைத்தோ சூடாக்குங்கள். தேய்க்கவோ ஹீட்டரில் வைக்கவோ கூடாது. மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது. சூடேற்றியும் உணர்வு திரும்பாவிட்டால் 116117 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணை அழையுங்கள், அவசரம் என்றால் 112.

அறைக்கு வந்ததும் படுக்கையில் விழுவதற்கு முன் ஒரு வேலை. பூட்ஸிலிருந்து இன்சோலை உருவித் தனியே வையுங்கள், உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரம் கழித்து மாற்றுங்கள். ஹீட்டர்மேல் ஏற்றிவைத்தால் தோல் வெடிக்கும், பசை விட்டுப்போகும். அடிப்பாகத்தின் பள்ளங்களில் மாட்டியிருக்கும் ஜல்லியையும் ஒரு குச்சியால் குத்தி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நாளைக் காலை அது உங்கள் அறைத் தரையைக் கீறிக்கொண்டிருக்கும்.